தமிழாசிரியர் கல்வியில் தொழில்நுட்பத் திறன்: கருவியறிவும் கற்பித்தலறிவும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிகளில் கணினி, படவீழ்த்தி, திறன்பேசி, இணையவழிப் பாடப்பொருள் ஆகியவை பெருகியுள்ள இக்காலத்தில், தமிழாசிரியராக உருவாகும் மாணவ ஆசிரியர் அவற்றைக் கையாளக் கற்பது ஆசிரியர் கல்வியின் கட்டாயக் கூறாகியுள்ளது. ஆயினும் கருவியை இயக்கும் அறிவும் கருவிகொண்டு தமிழைக் கற்பிக்கும் அறிவும் ஒன்றல்ல. ஒரு பாடப்பகுதியில் மாணவருக்கு எழும் இடர்ப்பாடு எது, அதனைக் களைவதற்குக் கரும்பலகையும் ஆசிரியர் குரலும் எவ்விடத்தில் போதாமற்போகின்றன என்று அறிந்தவரே கருவியைப் பயனுறக் கையாள முடியும். இக்கருத்தினை ஒலிப்பு, விசைப்பலகை, சந்தி, யாப்பு ஆகிய நான்கு தமிழ்ப் பாடப்பகுதிகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. நுண்ணிலைக் கற்பித்தல், பள்ளிக் கற்பித்தல் பயிற்சி, மதிப்பீடு ஆகியவற்றில் செய்யத்தக்க மாற்றங்களையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்

ஆசிரியர் கல்வி, மாணவ ஆசிரியர், தமிழ் கற்பித்தல், தொழில்நுட்பம்சார் கற்பித்தலறிவு, நுண்ணிலைக் கற்பித்தல், ஒருங்குறி, தமிழ்99.

முன்னுரை

கற்பிக்கும் முறையைப் பற்றிய சிந்தனை தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியர் இயல்பையும் பாடம் சொல்லும் முறையையும் வகுத்துரைக்கிறார். காலமும் இடமும் அறிந்து, சொல்லப்புகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரைவும் வெகுளியும் இன்றி, கொள்பவன் எவ்வாறு கொள்ளக்கூடியவனோ அவ்வாறு கொடுப்பதே கற்பித்தல் என்பது அவர் கருத்து. கற்பிக்கும் கருவி மாறினும் இக்கருத்து மாறுவதில்லை. ஓலைச்சுவடி, அச்சுநூல், கரும்பலகை, திரை என எதுவாயினும் கொள்பவனை நோக்கியே அதன் பயன் முடிவாகிறது.

இன்றைய மாணவ ஆசிரியர் திறன்பேசியோடு வளர்ந்தவர். கோப்பு உருவாக்குதல், காணொளி பதிவிறக்குதல், காட்சிவில்லை அமைத்தல் முதலியவற்றை எவரும் கற்பிக்காமலே அறிந்தவர் பலர். ஆகவே வகுப்பறைத் தொழில்நுட்பம் அவர்களுக்கு எளிதில் கைவரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தம் தேவைக்குக் கருவியைப் பயன்படுத்துவது வேறு. நாற்பது மாணவர் அமர்ந்துள்ள வகுப்பில், முக்கால் மணி நேரத்துக்குள், ஒரு குறிப்பிட்ட இலக்கணக் கருத்தை விளங்கவைக்க அதனைப் பயன்படுத்துவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை மாணவ ஆசிரியர் கடக்க உதவுவதே ஆசிரியர் கல்வி செய்ய வேண்டிய பணி.

1. ஆசிரியர் கல்விப் பாடத்திட்டத்தில் தொழில்நுட்பம்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் இளநிலைக் கல்வியியல் (பி.எட்.) படிப்பை இரண்டு ஆண்டுகளாக நீட்டித்தன. பள்ளிசார் களப்பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில் அமைகின்றன. தொழில்முறைத் திறன்களை வளர்க்கும் பாடங்களுள் ஒன்றாகத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2008இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இத்துறைக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை வகுத்து வருகிறது.

2014ஆம் ஆண்டுப் பாடத்திட்டக் கட்டமைப்பு அப்பாடத்துக்கு இட்ட பெயர் கருதத்தக்கது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் பற்றிய திறனாய்வுநிலைப் புரிதல் என்பதே அப்பெயரின் பொருள். எப்போது பயன்படுத்துவது, எப்போது தவிர்ப்பது, யாருக்குப் பயன், யாருக்குத் தடை என்று ஆராயும் புரிதலையே அது நாடுகிறது. ஆனால் அப்பாடம் தனித்தாளாகவும் தமிழ் கற்பித்தல் மற்றொரு தாளாகவும் நடத்தப்படும்போது, முதலாவது கோப்புகளும் காட்சிவில்லைகளும் தயாரிக்கும் செய்முறையாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது தொழில்நுட்பத்தைத் துணைக்கருவிப் பட்டியலில் ஒரு வரியாகக் குறிப்பிட்டுக் கடந்துவிடுகிறது. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு மாணவ ஆசிரியரின் தனிமுயற்சிக்கு விடப்படுகிறது.

இதே காலத்தில் பள்ளிகளும் மாறியுள்ளன. தமிழ்நாட்டில் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011இல் தொடங்கியது. மத்திய அரசின் திக்‌ஷா தளம் 2017இல் அறிமுகமானது. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூஆர் எனப்படும் விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சிடப்பட்டு, இணையவழிப் பாடப்பொருளோடு பாடப்பக்கங்கள் இணைக்கப்பட்டன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. எனவே இன்று பயிற்சிக்குச் செல்லும் மாணவ ஆசிரியர், பாடநூலின் பக்கத்திலேயே தொழில்நுட்பத்தை எதிர்கொள்கிறார். அதனைப் பொருட்படுத்தாமல் கடப்பதும் பொருளுணர்ந்து பயன்படுத்துவதும் அவர் பெற்ற பயிற்சியைப் பொறுத்தவை.

2. மூவகை அறிவின் இணைவு

ஆசிரியருக்குரிய அறிவு யாது என்னும் வினாவை லீ ஷுல்மன் 1986இல் புதிய முறையில் எழுப்பினார். பாடப்பொருளறிவும் பொதுவான கற்பித்தல் முறையறிவும் தனித்தனியே இருந்தால் மட்டும் ஒருவர் நல்லாசிரியர் ஆவதில்லை. குறிப்பிட்ட பாடப்பொருளைக் குறிப்பிட்ட மாணவர்க்கு விளங்கும் வடிவில் மாற்றித்தரும் அறிவு தனித்தன்மையுடையது என்று அவர் காட்டினார். குறியீடு, எடுத்துக்காட்டு, உவமை, விளக்கம் ஆகியவற்றுள் எது எப்பொருளுக்குப் பொருந்தும் என்பதும், மாணவர் எவ்விடத்தில் பிழையாகப் புரிந்துகொள்வர் என்பதும் அவ்வறிவின் உள்ளடக்கம்.

புன்யா மிஷ்ரா, மேத்யூ கோலர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரை இக்கருத்தோடு தொழில்நுட்ப அறிவையும் இணைத்தது. பாடப்பொருள், கற்பித்தல் முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாகக் காட்டப்பட்டு, மூன்றும் சந்திக்கும் நடுப்பகுதியே ஆசிரியர் அடைய வேண்டிய அறிவு என விளக்கப்பட்டது. யுனெஸ்கோ நிறுவனம் 2018இல் திருத்தி வெளியிட்ட ஆசிரியர் திறன் கட்டமைப்பும் இந்நோக்கிலேயே அமைந்தது. ஆசிரியர் பணியின் ஆறு கூறுகளை, அறிவு பெறுதல், அறிவை ஆழப்படுத்துதல், அறிவை உருவாக்குதல் என்னும் மூன்று நிலைகளில் வைத்து 18 திறன்களை அது வகுத்தது. கருவியை இயக்கும் திறன் அவ்வாறு கூறுகளுள் ஒன்றன் பகுதி மட்டுமே.

கருவி தானாகவே கற்றலை உயர்த்துமா என்பது கல்வியியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்ட வினா. ரிச்சர்டு கிளார்க் 1983இல், கற்றலை உண்டாக்குவது கற்பித்தல் முறையே அன்றி ஊடகம் அன்று என வாதிட்டார். பொருளைச் சுமந்துவரும் வண்டி அப்பொருளின் ஊட்டத்தை மாற்றாது என்பது அவர் காட்டிய உவமை. இராபர்ட் கோஸ்மா 1991இல் இதனை மறுத்து, ஒவ்வோர் ஊடகத்துக்கும் உரிய இயல்புகள் சில வகைக் கற்றலை இயலச்செய்கின்றன என்றார். லாரி கியூபன் 1986இல் வெளியிட்ட நூலில், திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய ஒவ்வொன்றும் பெரும் எதிர்பார்ப்போடு அமெரிக்க வகுப்பறைக்குள் நுழைந்து, பின்னர் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட வரலாற்றை எடுத்துக்காட்டினார். இவ்விவாதங்களிலிருந்து மாணவ ஆசிரியர் பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. ‘எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம்?’ என்று தொடங்காமல், ‘இப்பாடத்தில் மாணவர் எங்கே இடறுவர்?’ என்று தொடங்க வேண்டும்.

3. தமிழ்ப் பாடப்பகுதிகளும் கருவியின் இடமும்

3.1 ஒலிப்பு: லகர, ளகர, ழகர வேறுபாடு

தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் முறையைக் கூறுகிறது. நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுகையில் ழகரம் பிறக்கிறது என்பதை மாணவ ஆசிரியர் இலக்கண வகுப்பில் கற்றிருப்பார். ஆனால் அவ்விதியை அறிவதால் மட்டும் ஏழாம் வகுப்பு மாணவர் ‘மழை’, ‘மலை’ என்பவற்றை வேறுபடுத்தி ஒலித்துவிடுவதில்லை. வட்டார வழக்கில் ழகரம் சில பகுதிகளில் யகரமாகவும் சில பகுதிகளில் ளகரமாகவும் ஒலிக்கிறது. மாணவரின் நாவுக்கு முன்பே அவர் செவி வேறுபாட்டை உணராதிருப்பது இங்குள்ள முதன்மையான இடர்ப்பாடு.

இவ்விடத்தில் ஒலிப்பதிவு தன் பயனைக் காட்டுகிறது. பேசிய ஒலி உடனே மறைந்துவிடுவதால் மாணவர் தம் ஒலிப்பைத் தாமே கேட்டறிய இயலாது. பதிவு அதனை நிறுத்திவைக்கிறது. மாணவ ஆசிரியர் ‘ஒலி–ஒளி–ஒழி’, ‘வால்–வாள்–வாழ்’, ‘கலி–களி–கழி’ போன்ற தொகுதிகளைத் தெளிவாக ஒலித்துப் பதிவுசெய்து, முதலில் கேட்டு அடையாளங்காணும் பயிற்சியாக அளிக்கலாம். கேட்ட சொல்லுக்குரிய படத்தை மாணவர் சுட்ட வேண்டும். அடையாளங்காணல் உறுதியான பின்னர், நால்வர் ஐவர் கொண்ட குழுக்களாக ஒரே கருவியை முறைமாற்றிப் பயன்படுத்தி, தம் ஒலிப்பைப் பதிந்து கேட்டு ஒப்பிடலாம். மாணவர் பள்ளிக்குத் திறன்பேசி கொண்டுவர இயலாத நிலையிலும் ஆசிரியரின் ஒற்றைக் கருவி இதற்குப் போதும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு மாணவரின் பிழையான ஒலிப்பை வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஒலிபரப்பினால், அதே கருவி அவரை நாணவைத்து வாய்மூடச் செய்துவிடும். வீட்டில் பேசும் வட்டார வழக்கு பிழையன்று என்பதையும், உரத்து வாசித்தலுக்குரிய ஒலிப்பு மற்றொரு திறன் என்பதையும் முன்னரே உணர்த்துவது ஆசிரியரின் கடமை. இதனைக் கருவியின் பயன்பாட்டுக் கையேடு கற்றுத்தராது.

3.2 விசைப்பலகை: இன எழுத்துகளும் உயிர்மெய்யும்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. பொதுவாக இது தட்டச்சுத் திறனுக்குரியதாக மட்டுமே கருதப்படுகிறது. ஆனால் அதன் அமைப்பில் தமிழ் எழுத்திலக்கணம் பொதிந்துள்ளது. உயிரெழுத்துகள் இடப்புறத்திலும் மெய்களுக்குரிய விசைகள் பெரும்பாலும் வலப்புறத்திலும் அமைகின்றன. அகரமேறிய மெய்யை அடுத்து உயிர்விசையை அழுத்த, உரிய உயிர்மெய் தோன்றுகிறது. ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே அமைகிறது. மெல்லினத்தை அடுத்து அதற்கு இனமான வல்லினம் வரும்போதும் மெல்லினம் தானே புள்ளி பெறுகிறது. ‘ங்க’, ‘ஞ்ச’, ‘ண்ட’, ‘ந்த’, ‘ம்ப’, ‘ன்ற’ ஆகிய இணைகள் இவ்வாறு எளிதில் உருவாகின்றன.

இவ்விதியை அறிந்த மாணவ ஆசிரியர் இன எழுத்துப் பாடத்தை வேறு வகையில் தொடங்க முடியும். ‘நகரத்தை அடுத்துத் தகரம் அழுத்தினால் புள்ளி தானே வருகிறது, நகரத்தை அடுத்துப் பகரம் அழுத்தினால் வருவதில்லை, ஏன்?’ என்னும் வினாவுக்கு மாணவர் விடை தேடும்போது, மனப்பாடமாக இருந்த பட்டியல் ஒரு விதியாக அவர்களுக்குப் புலப்படும். தொழில்நுட்பமும் பாடப்பொருளும் ஒன்றிணையும் இடத்துக்கு இது தக்க சான்று. மாறாக, உரோமன் எழுத்துகளை அழுத்தித் தமிழைப் பெறும் முறையை மட்டும் அறிந்தவருக்கு இவ்வாய்ப்புக் கிட்டாது.

3.3 சந்தி: பிழைதிருத்தியின் எல்லை

வல்லினம் மிகும் இடங்களைக் கற்பிக்கையில் எழுத்துப்பிழைதிருத்தி, பேச்சை எழுத்தாக்கும் செயலி ஆகியவை இன்று எளிதில் கிடைக்கின்றன. அவற்றை விடை சொல்லும் கருவியாகக் கொள்வதைவிட வினா எழுப்பும் கருவியாகக் கொள்வதே பயனுடையது. ‘தந்த பலகை’ என்பது ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப்பலகை’ என்பது யானைத் தந்தத்தாலான பலகை. ‘வேலை கொடு’ என்பது பணி தருமாறு கேட்பது. ‘வேலைக் கொடு’ என்பது வேல் என்னும் படைக்கலத்தைத் தருமாறு கேட்பது. இரண்டும் சரியான வடிவங்கள் ஆதலால், தனிச்சொல்லை மட்டும் சரிபார்க்கும் மென்பொருள் இவற்றுள் எது வேண்டும் என்று முடிவுசெய்ய இயலாது. தொடரின் பொருளே அதனை முடிவுசெய்கிறது.

மாணவ ஆசிரியர் இத்தகைய தொடர்களைச் செயலியில் பேசிப் பதிந்து, அது தரும் எழுத்துவடிவத்தை மாணவர் முன் வைத்து, ‘இங்கு ஒற்று வேண்டுமா, வேண்டாவா? ஏன்?’ என்று கேட்கலாம். கருவியின் குறையே இங்குப் பாடத்தின் தொடக்கமாகிறது. கருவி தந்ததை அப்படியே ஏற்கும் பழக்கத்துக்கு மாறாக, அதனை மொழியறிவால் திருத்தும் பழக்கம் மாணவரிடம் வளர்கிறது.

3.4 யாப்பு: அலகிடுதல்

செய்யுளைச் சீர்பிரித்து அசையும் தளையும் காட்டும் அவலோகிதம் போன்ற மென்பொருள்கள் உள்ளன. பாடம் தொடங்கும்போதே அவற்றைத் திரையில் காட்டினால் மாணவர் அலகிடக் கற்பதில்லை. விடையைப் பார்க்கக் கற்கின்றனர். ‘கணினி’ நிரைநேர், புளிமா; ‘பாடம்’ நேர்நேர், தேமா; ‘திரைப்படம்’ நிரைநிரை, கருவிளம்; ‘தொலைக்காட்சி’ நிரைநேர்நேர், புளிமாங்காய் எனத் தாமறிந்த சொற்களைக் கையால் தட்டியும் வாயால் ஒலித்தும் மாணவர் முதலில் பிரிக்க வேண்டும். ‘திரைப்படம்’ என்பதில் ‘திரைப்’ எவ்வாறு ஒரே நிரையசை ஆகிறது என்னும் ஐயம் அப்போதுதான் எழும். பின்னர் மென்பொருளின் விடையோடு தம் விடையை ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தில் காரணம் தேடுதல் வேண்டும். கருவி முன்வருவதா பின்வருவதா என்னும் வரிசையே இங்குக் கற்றலின் பயனை முடிவுசெய்கிறது.

4. காட்சிவில்லையும் அதன் மிகைப்பயன்பாடும்

பயிற்சிக் காலத்தில் மாணவ ஆசிரியர் மிகுதியாகத் தேர்வது காட்சிவில்லை. பாடநூலில் உள்ள பகுதியை அப்படியே திரையில் ஏற்றி, மாணவருக்கு முதுகுகாட்டி நின்று வாசிக்கும் நிலை இதனால் ஏற்படக்கூடும். நன்னூல் ஆசிரியர் ஆகாதவர்க்குக் காட்டும் உவமைகளுள் கழற்குடமும் ஒன்று. இட்ட முறையன்றிப் பிறழ்ந்து பலவற்றை ஒருங்கே கொட்டுவது அதன் இயல்பு. இருபது வரிகள் ஒருசேரத் தோன்றும் திரைக்கும் இவ்வுவமை பொருந்தும்.

கண்ணால் கண்டது மிகுதியாக நினைவில் நிற்கும் என்பதற்கு எட்கர் டேலின் அனுபவக் கூம்பு சான்றாகக் காட்டப்படுவதுண்டு. வாசிப்பதில் இத்தனை விழுக்காடு, கேட்பதில் இத்தனை விழுக்காடு, பார்ப்பதில் இத்தனை விழுக்காடு நினைவில் நிற்கும் என எண்களோடு அக்கூம்பு பல இடங்களில் அச்சிடப்படுகிறது. டேல் 1946இல் வெளியிட்ட நூலில் அவ்விழுக்காடுகள் இல்லை. பிற்காலத்தில் பிறரால் சேர்க்கப்பட்டவை. நேரடி அனுபவம் முதல் சொற்குறியீடு வரை கற்றல் அனுபவங்கள் எந்த அளவுக்கு அருவமாகின்றன என்பதை வரிசைப்படுத்துவதே அவர் நோக்கம். ஆசிரியர் கல்வி வகுப்பில் இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பது, கருவி பற்றிய கூற்றுகளைச் சோதித்து ஏற்கும் மனப்பாங்கை மாணவ ஆசிரியரிடம் உருவாக்கும்.

இரிச்சர்டு மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள், படத்தோடு விளக்கவுரை ஒலிக்கும்போது அதே சொற்களைத் திரையிலும் காட்டுவது கற்றலுக்குத் துணைசெய்யாமல் போகலாம் எனவும், தொடர்பற்ற அலங்காரப் படங்களும் ஒலிகளும் கவனத்தைச் சிதறடிக்கும் எனவும் காட்டுகின்றன. எனினும் தமிழ் வகுப்பில் இக்கருத்தை இயந்திரம்போல் பின்பற்றுவது பொருந்தாது. செய்யுளைக் கற்பிக்கையில் எழுத்துவடிவமே பாடப்பொருள்; அதனைக் கண்ணால் காண்பதும் செவியால் கேட்பதும் ஒருங்கே வேண்டும். ஆசிரியரின் உரைவிளக்கத்தை மீண்டும் திரையில் எழுதிக்காட்டுவதே தவிர்க்கத்தக்கது. பொதுக் கோட்பாட்டைப் பாடத்தின் இயல்புக்கேற்பக் கொள்ளவும் தள்ளவும் அறிவதே ஷுல்மன் கூறிய அறிவு.

5. நுண்ணிலைக் கற்பித்தலில் தொழில்நுட்பம்

1963இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய நுண்ணிலைக் கற்பித்தல், இந்தியச் சூழலுக்கேற்ப 36 நிமிடச் சுழற்சியாக வகுக்கப்பட்டது. கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6 நிமிடம், மறுதிட்டமிடல் 12 நிமிடம், மறுகற்பித்தல் 6 நிமிடம், மறுபின்னூட்டம் 6 நிமிடம் என்பது அதன் அமைப்பு. வினா எழுப்புதல், விளக்குதல், வலுவூட்டுதல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் முதலிய திறன்கள் இம்முறையில் தனித்தனியே பயிற்றப்படுகின்றன.

இச்சுழற்சி தொழில்நுட்பப் பயிற்சிக்கு இருவகையில் உதவும். முதலாவது, மாணவ ஆசிரியர் தம்மையே கண்டறியும் கருவியாகக் காணொளிப் பதிவு அமைகிறது. தொடக்கக்கால ஸ்டான்போர்டு முறையிலேயே காணொளிப் பதிவு இடம்பெற்றிருந்தது. இன்று ஒரு திறன்பேசியே அதற்குப் போதும். ஆறு நிமிடத்தில் எவ்வளவு நேரம் திரையை நோக்கி நின்றார், வினா கேட்டபின் விடைக்கு எத்தனை நொடி காத்திருந்தார், எந்த வரிசையில் அமர்ந்தவரை ஒருமுறையேனும் பார்க்கவில்லை என்பவற்றைப் பிறர் சொல்லக் கேட்பதைவிடத் தாமே காண்பது ஆழமாகப் பதியும்.

இரண்டாவது, ஒரே பாடக்கூறினை முதற்சுற்றில் கருவியோடும் மறுகற்பித்தலில் கருவியின்றியும் நடத்தி ஒப்பிடலாம். ‘ஒலி–ஒளி–ஒழி’ வேறுபாட்டைப் பதிவுகொண்டும் நேர்க்குரல்கொண்டும் கற்பித்துப் பார்க்கும் மாணவ ஆசிரியர், கருவி எதைச் சேர்த்தது, எதைக் குறைத்தது என்பதைத் தம் பட்டறிவால் அறிவார். பன்னிரண்டு நிமிட மறுதிட்டமிடல், இம்முடிவை எடுக்கப் பழகும் நேரமாக அமையும்.

6. பயிற்சிப் பள்ளியின் நடைமுறைச் சூழல்

கல்லூரியில் சிறப்பாக அமைந்த பாடம் பள்ளியில் சிக்கலாகும் வாய்ப்புண்டு. அதற்குரிய காரணங்களுள் எழுத்துருக் குறியாக்கமும் ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்பு, அவ்வெழுத்துரு இல்லாத பள்ளிக் கணினியில் பொருளற்ற உரோமன் எழுத்துகளாகத் தோன்றும். இரவு முழுவதும் தயாரித்த செய்யுள் பகுதி, வகுப்பு தொடங்கும் நொடியில் வாசிக்க இயலாததாகிவிடும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரப்பாடாக ஏற்றுக்கொண்டது. ஒருங்குறியில் அமைந்த கோப்பு பிற கணினியிலும் திறன்பேசியிலும் தமிழாகவே தோன்றும். அதனுள் சொல்லைத் தேடவும் இயலும். ஆகவே தமிழாசிரியருக்குக் குறியாக்க அறிவு கணினித்துறைச் செய்தியன்று. பாடத் தயாரிப்பின் அடிப்படை.

மின்தடை, இணையத் தடை, ஒரே படவீழ்த்தியைப் பல வகுப்புகள் பகிர்தல் ஆகியவை எதிர்பார்க்கத்தக்கவை. எனவே கருவி இயங்காவிடில் அதே நோக்கத்தை நிறைவேற்றும் மாற்றுவழி பாடக்குறிப்பிலேயே எழுதப்பட வேண்டும். பாடநூற்குறியீடு இட்டுச்செல்லும் காணொளியை முன்னரே முழுமையாகப் பார்த்து, தேவையான பகுதியை மட்டும் பதிவிறக்கி வைத்துக்கொள்வது நேரத்தைக் காக்கும்.

மாணவர் நலன்சார்ந்த பொறுப்பும் இங்கு எழுகிறது. வகுப்பறை நிகழ்வைப் பதிந்து சமூக ஊடகத்தில் வெளியிடும் வழக்கம் பரவிவருகிறது. 2023இல் இயற்றப்பட்ட எண்முறைத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என வரையறுத்து, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது. சட்டம் ஒருபுறமிருக்க, மாணவரின் முகமும் குரலும் பிழையும் ஆசிரியரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டவை. பயிற்சிக்கெனப் பதிந்தவற்றைப் பயிற்சி முடிந்ததும் அழித்துவிடும் ஒழுங்கைப் பயிற்சிக்காலத்திலேயே பழக்க வேண்டும்.

7. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்

2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், பாடக்குறிப்பையும் வினாத்தாளையும் நொடிப்பொழுதில் பெறும் வழி மாணவ ஆசிரியருக்குத் திறந்துள்ளது. இக்கருவிகள் இல்லாத செய்யுளை இருப்பதாகக் காட்டுவதும், ஒரு நூலின் அடியை மற்றொன்றுக்கு உரியதாகச் சொல்வதும், இலக்கண விதிக்குப் பொருந்தா எடுத்துக்காட்டுத் தருவதும் நிகழ்கின்றன. நடை சீராக இருப்பதால் பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத்திட்டம், 2001இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் மூலநூல்கள் கிடைக்கின்றன. பெற்ற விடையை மூலத்தோடு ஒப்பிட்ட பின்னரே வகுப்புக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

மேலும் ஓர் இழப்பு கருதத்தக்கது. பாடக்குறிப்பு எழுதுதல் என்பது மாணவர் எங்கே இடறுவர் என்று ஆசிரியர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் செயல். அதனைக் கருவியிடம் ஒப்படைக்கும் மாணவ ஆசிரியருக்குத் தாள் கிடைக்கும். அவ்வெண்ணும் பழக்கம் கிடைக்காது. பணியில் பட்டறிவு மிக்க ஆசிரியருக்கு நேரம் மிச்சமாகும் அதே இடத்தில், பயிற்சி பெறுபவருக்குப் பயிற்சியே மிச்சமாகிவிடுகிறது.

8. மதிப்பீட்டில் வேண்டிய மாற்றம்

கற்பித்தலை மதிப்பிடும் படிவத்தில் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கு மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கையில், தேவையற்ற இடத்திலும் கருவியைக் காட்டும் போக்கு தோன்றுவது இயல்பே. இதனைத் தவிர்க்க, பாடக்குறிப்பில் பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதச் செய்யலாம்.

1. இப்பாடக்கூறில் மாணவர்க்கு எழும் இடர்ப்பாடு யாது?
2. கரும்பலகையும் ஆசிரியர் குரலும் அதனைக் களைய ஏன் போதா?
3. கருவி இயங்கும்போது மாணவரின் செவி, நா, கை, சிந்தனை ஆகியவற்றுள் எது செயற்படும்?
4. கருவி இயங்காவிடில் மாற்றுவழி யாது?
5. மாணவர் கற்றனர் என்பதற்குப் பாட முடிவில் கிடைக்கும் சான்று யாது?

இரண்டாம் வினாவுக்குத் தக்க விடை இல்லையெனில் அப்பாடத்தில் கருவி தேவையில்லை என்பது பொருள். காரணம் காட்டிக் கருவியைத் தவிர்த்த மாணவ ஆசிரியருக்கும் அத்திறனுக்குரிய முழு மதிப்பெண் வழங்கப்பட வேண்டும். இல்லையெனில் திறனாய்வுநிலைப் புரிதல் என்பது பாடத்தின் பெயரில் மட்டுமே நிற்கும். தமிழ் கற்பித்தல் பேராசிரியரும் கல்வித் தொழில்நுட்பப் பேராசிரியரும் இணைந்து ஒரே பாடக்குறிப்பை மதிப்பிடுவதும் இதற்குத் துணைசெய்யும்.

முடிவுரை

தமிழாசிரியராகப் போகிறவர் தொழில்நுட்பம் கற்பது, கணினியறிவை மொழியறிவோடு கூட்டுவதால் மட்டும் நிறைவேறுவதில்லை. ழகரத்தை ஒலிக்க இயலாத மாணவருக்குப் பதிவு எவ்வாறு உதவும், இன எழுத்தை விசைப்பலகை எவ்வாறு விளக்கும், சந்தியில் பிழைதிருத்தி எங்கே நிற்கும், யாப்பில் மென்பொருள் எப்போது பின்வர வேண்டும் என்பவை தமிழறிவோடு கூடிய தொழில்நுட்ப வினாக்கள். இவற்றைத் தனித்தொரு தொழில்நுட்பத் தாளில் கற்பிக்க இயலாது. தமிழ் கற்பித்தல் தாளில்தான் கற்பிக்க இயலும்.

இன்றைய கருவிகள் சில ஆண்டுகளில் மாறிவிடும். இன்று பயிற்சி பெறுபவரோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பணியாற்றக்கூடியவர். அவர் கற்ற செயலிகள் வழக்கொழிந்த பின்னரும், மாணவரின் இடர்ப்பாட்டைக் கண்டு அதற்கேற்ற கருவியைத் தேரும் அறிவு அவரிடம் எஞ்சியிருக்கும். கொள்பவன் கொள்ளும் வகையறிந்து கொடுத்தல் என்று நன்னூல் வகுத்த நெறியும் இதுவே.